சென்னை, ஆரோவில், கடற்கரைச் சாலை: நீண்ட இடைவெளிக்குப் பிறகு முதல் பந்தயமாக எதை ஓடலாம்?

இரண்டரை வருடம் ஓடாமல் இருந்துவிட்டு இந்த ஜூலையில்தான் மறுபடி ஷூ மாட்டினேன். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதில் முதல் ஆறு மாதம் ஓடவே நேரமில்லை. அப்புறம் நேரம் கிடைத்தும் கால் கிளம்பவில்லை. ஓட்டம் விட்டுப்போன பலருக்கும் இப்படித்தான் நடந்திருக்கும்.

திரும்பி வருகிறவர்களுக்குப் பந்தயம் ஒன்று வேண்டும். தேதி இருந்தால்தான் அலாரத்துக்கு மரியாதை. புதுச்சேரியில் இருப்பவர்களுக்குக் கைக்கு எட்டும் தூரத்தில் மூன்று இருக்கின்றன: நம் கடற்கரைச் சாலையில் அவ்வப்போது நடக்கும் ஐந்து கிலோமீட்டர் விழிப்புணர்வு ஓட்டங்கள், ஜனவரி முதல் பாதியில் வரும் சென்னை மாரத்தானின் டென் கே (பத்து கிலோமீட்டர் ஓட்டம்), பிப்ரவரியில் ஆரோவில் மாரத்தானின் டென் கே. மூன்றையும் இடைவெளிக்கு முன்னால் ஓடியிருக்கிறேன். ஆனால் திரும்பி வருகிறவன் கண்ணால் பார்க்கும்போது மூன்றும் வேறு மாதிரி தெரிகின்றன.

கடற்கரைச் சாலை ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வீட்டுக்குப் பக்கம், சமதளம், செலவு குறைவு. மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டிகள் வராத சாலை என்பதால் பயிற்சிக்கு அதைவிட நல்ல இடம் ஊரில் இல்லை. பந்தயமாக எடுத்துக்கொண்டால் ஒரு சிக்கல். விசில் ஊதியதும் பள்ளிப் பிள்ளைகள் பாய்வார்கள், நாமும் கூடவே பாய்வோம். ஐந்து கிலோமீட்டர் சின்னத் தூரம் என்ற நினைப்புதான் நம்மை விரட்டும். சின்னத் தூரத்தில்தான் வேகம் கூடும், வேகத்தில்தான் தசை பிடிக்கும். அதனால் இதை ஒரு பயிற்சி நாளாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

சென்னை அப்படியல்ல, அது முழுமையான பந்தயம். அகலமான சாலை, விடியுமுன் தொடக்கம், வழியெல்லாம் தண்ணீர், கைதட்டும் கூட்டம், பிப்பில் (நெஞ்சில் குத்திக்கொள்ளும் எண் அட்டையில்) நேரம் பதியும் சிப். உடம்பு சரியாக இருக்கும்போது அந்தச் சாலையில் ஓடுவது பெரிய சந்தோஷம். திரும்பி வருகிறவர்களுக்கு இடிப்பது அந்த சிப்தான்.

ஏனென்று என் காலே காட்டியது. இடைவெளிக்கு முன் டென் கே-யை 52 நிமிடத்தில் முடித்தவன் நான். கிலோமீட்டருக்கு ஐந்தே கால் நிமிடத்துக்கும் கொஞ்சம் குறைவு. ஜூலையில் தொடங்கி மூன்றாவது வாரம், ஒரு காலையில் காந்தி சிலையைத் தாண்டியபோது வாட்சில் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 20 வினாடி என்று பார்த்தேன். மூச்சு வாங்கவில்லை, பழைய ஆள் வந்துவிட்டான் என்றே நினைத்தேன். இன்னொரு சுற்று அதே வேகத்தில் போய்த் திரும்பும்போது வலது கெண்டைக்காலில் யாரோ கல்லால் அடித்த மாதிரி ஒரு வலி. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டு கருங்கல் பாறைகளில் அலை மோதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்த பெரியவர், "என்ன தம்பி, சுளுக்கா?" என்று கேட்டுத் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அதன்பின் மூன்று வாரம் மாடிப்படி இறங்குவதே பெரும்பாடு.

காரணம் எளிமையானது. நன்றாகப் பழகிய ஓட்டக்காரர்களும் சைக்கிள் வீரர்களும் பயிற்சியை நிறுத்தினால் என்ன ஆகும் என்று 1984இல் வெளிவந்த ஓர் ஆய்வு பார்த்தது. உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் மூன்று வாரத்தில் 7 சதவீதமும், எட்டு வாரத்தில் 16 சதவீதமும் குறைந்து, அதன்பின் பன்னிரண்டாம் வாரம் வரை அநேகமாக அங்கேயே நின்றது. மூச்சும் இரத்த ஓட்டமும் விட்டுப்போவதும் சீக்கிரம், பயிற்சி தொடங்கினால் தேறுவதும் சீக்கிரம். தசையை எலும்போடு கட்டும் தசைநாணும் எலும்பும் அப்படியில்லை, அவை பாரத்துக்குப் பழக மாதக்கணக்கில் ஆகும். மூச்சு "போகலாம்" என்று சொல்லும் நாளில் குதிகால் இன்னும் தயாராகியிருக்காது. மனதிலோ பழைய நேரம் உட்கார்ந்திருக்கிறது. பிப்பில் சிப் இருந்தால் அந்த 52 நிமிடம் கூடவே ஓடிவரும், அதை விட்டு ஓடுவது ரொம்பக் கஷ்டம்.

மழையையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஜனவரிப் பந்தயத்துக்கான முக்கியமான வாரங்கள் நவம்பரிலும் டிசம்பரிலும் விழுகின்றன. அதுதான் நம் பக்கம் வடகிழக்குப் பருவமழை அடிக்கும் காலம். ஒரு புயல் வந்தால் பத்து நாள் போய்விடும். விட்ட பத்து நாளை இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஈடுகட்டப் பார்ப்போம், அங்கேயும் கால் போகும். ஆரோவில்லுக்குக் கூடுதலாக ஒரு மாதம் கிடைக்கிறது, அதுவும் மழை விட்ட, வெயில் ஏறாத மாதம்.

ஆரோவில் மாரத்தான் 2008 முதல் நடக்கிறது. பரிசும் நேரப் போட்டியும் இல்லாமல், ஓடுகிற மகிழ்ச்சிக்காக ஓடுவதே அதன் கொள்கை. 1968இல் ஆரோவில் தொடங்கியபோது மரமில்லாமல் மழைநீர் அரித்துக் கிடந்த செம்மண் மேடு அது. அங்கே நட்டு வளர்த்த காட்டுக்குள்தான் இன்று ஓடுகிறோம். செம்மண் மெத்தென்று இருப்பதால் காலுக்கு அடிபடாது என்று சொல்வார்கள். அதை அப்படியே நம்ப வேண்டாம். வேர் தட்டும், கணுக்கால் மடங்கும், மணல் சேர்ந்த இடத்தில் கெண்டைக்கால் இன்னும் கூடுதலாக உழைக்கும். நான் சொல்லும் நன்மை வேறு. அந்தப் பாதையில் ஒவ்வொரு அடியையும் பார்த்து வைக்க வேண்டியிருப்பதால் வேகம் தானாகக் குறைகிறது, தார்ச்சாலை நேரத்தோடு ஒப்பிடவும் முடியாது. 52 நிமிடத்துக்கு அங்கே அர்த்தமே இல்லை.

நடந்து ஓடவும் அது தோதான இடம். ஓட்டத்துக்கு நடுவே திட்டமிட்டு நடக்கும் முறையைப் பிரபலமாக்கிய ஜெஃப் கேலோவே 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடியவர், ஓடத் தெரியாதவர் அல்ல. கெண்டைக்கால் ஆறியதும் நானும் மூன்று நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று மாறினேன். நிற்காமல் மெதுவாக ஓடுவதைவிட எனக்கு இதுதான் ஒத்துவருகிறது, ஏனென்றால் மெதுவாக ஓடுவதாக நினைத்து நான் மெதுவாக ஓடுவதே இல்லை.

கடலூரில் வெள்ளிக் கடற்கரையில் ஓடும் நண்பர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. "அண்ணே, டைம் பாக்காம ஓடுனா அது பந்தயமா?" என்கிறார். அவர் காய்ச்சலில் விட்டது இரண்டே மாதம். அவருக்குச் சென்னைதான் சரி, நானே போகச் சொன்னேன். இரண்டு மூன்று மாத இடைவெளிக்குத் தசைநாண் முழுக்க மறந்துவிடுவதில்லை, கடிகாரம் அவரை நல்லபடியாக இழுத்துக்கொண்டு போகும். ஒரு வருடத்துக்கு மேல் விட்டவர்களுக்கு என் ஓட்டு ஆரோவில்லுக்குத்தான். அதிலும் டென் கே போதும். எங்கே ஓடினாலும் முதல் வருடத்தில் ஹாஃப் (அரை மாரத்தான்) வேண்டாம்.

நான் ஆரோவில் டென் கே-க்குப் பெயர் கொடுத்துவிட்டேன். இந்த ஞாயிறு ஏழு கிலோமீட்டர், மூன்றுக்கு ஒன்று கணக்கில். மழை விட்டால் குயிலாப்பாளையம் பக்கம் செம்மண்ணில், விடாவிட்டால் கடற்கரைச் சாலையில்.