பழைய தேவாலயத்தோடு புது மண்டபம் சேர்ப்பவர்களுக்கு: இடைவெளியை அடைக்கும் பாலிசல்ஃபைடு சீலன்ட் எப்படி?

சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய ஆலயச் சுவரோடு கான்கிரீட் மண்டபத்தை ஒட்டிக் கட்டவே கூடாது. புது அஸ்திவாரம் அமுங்கும், பழையது அசையாது. சந்திப்பில் விரிசல் நிச்சயம். அஸ்திவாரத்திலிருந்தே 25 மி.மீ. இடைவெளி விடுங்கள்.

அதை மூட, இரண்டு பாகங்களைக் கலந்தால் ரப்பர்போல இறுகும் பாலிசல்ஃபைடு அருமையான சரக்கு. சுவருக்கு கன் கிரேடு (துப்பாக்கியால் பிதுக்கும் கெட்டி வகை), தரைக்கு போர் கிரேடு (ஊற்றும் வகை). முதலில் 30 மி.மீ. பேக்கர் ராடை (நுரைக் கயிறு) இடைவெளிக்குள் திணித்து, மேலே 12 மி.மீ. ஆழம் மட்டும் விடுங்கள். ராட் இல்லையென்றால் சீலன்ட் பின்பக்கமும் பிடித்துக்கொண்டு, இடைவெளி விரியும்போது நடுவில் கிழியும். மீட்டருக்கு 300 மி.லி. பிடிக்கும், லிட்டர் டின் மூன்று மீட்டருக்குத்தான் வரும். இரு பாகங்களையும் கையால் கிளறினால் அங்கங்கே இறுகாமல் பிசுபிசுக்கும். மெதுவாகச் சுற்றும் டிரில்லில், நிறக்கோடுகள் மறையும்வரை கலக்குங்கள்.

பழைய சுவர்ப் பக்கம்தான் பாடுபடுத்தும். உதிரும் விளிம்பைச் செதுக்கி, சுண்ணாம்புச் சாந்தால் சீராக்கி, நன்றாகக் காய்ந்த பிறகே பிரைமர் (சீலன்ட் பிடிக்க முதலில் பூசும் பூச்சு). ஈரச்சுவரில் பூசினால் நாடாவாக உரிந்து வரும்.

கூரைச் சந்திப்புக்கு இது மட்டும் போதாது. மேலே அலுமினியத் தகடு வேண்டும், அசைவுக்கு இடம்விட்டு ஒரு பக்கம் மட்டும் திருகி. பாலிசல்ஃபைடின் விலை அக்ரிலிக் சீலன்ட்டைவிடக் கூடுதல்தான், தாராளமாகக் கொடுக்கலாம்.