பிலடெல்பியாவின் பழைய சிறை: ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு நடக்க வேண்டிய காரிடார்

ஈஸ்டர்ன் ஸ்டேட் பெனிடென்ஷரிக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் சிகாகோ தாதா அல் கபோன் இருந்த செல்லை (கைதி அறையை)ப் பார்க்கத்தான் போகிறார்கள். நான் போனது காரிடாருக்காக. டெர்ரி கில்லியம் இயக்கி 1995-இல் வந்த 'ட்வெல்வ் மங்கீஸ்' படத்தில், எதிர்காலத்திலிருந்து அனுப்பப்படும் கைதியான புரூஸ் வில்லிஸ் 1990-ஆம் ஆண்டில் போய் விழுந்து, ஒரு மனநல மருத்துவமனையில் அடைபடுவார் இல்லையா, அந்தக் காட்சிகளை இந்தச் சிறைக்குள்தான் எடுத்தார்கள். கதைப்படி ஊர் பால்டிமோர். நிஜத்தில் பிலடெல்பியா, ஃபேர்மவுண்ட் அவென்யூ.

நான் கோடம்பாக்கத்தில் ஒலிக்கலவை வேலை பார்ப்பவன். அறிவியல் புனைவு எடுக்கிறேன் என்று வரும் குறும்படத் தம்பிகள் பலரிடம் சிறைக் காரிடார் காட்சி ஒன்று இருக்கும். கேட்கும் சத்தமும் ஒன்றாகவே இருக்கும்: தூரத்தில் இரும்புக் கதவு 'டமார்' என்று மூட வேண்டும், எதிரொலி நீள வேண்டும், எங்கோ தண்ணீர் சொட்ட வேண்டும். பயம் உண்டாக்குவதற்கென்றே கட்டிய ஒரு காரிடார் உண்மையில் எப்படி ஒலிக்கிறது என்று காதால் கேட்டுவிட வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை. நியூஜெர்சியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது அது நிறைவேறியது. "இவ்வளவு தூரம் வந்து ஜெயிலையாடா பாக்கப் போற?" என்று கேட்ட அக்காதான் அத்தானையும் கிளப்பிக்கொண்டு வந்தாள்.

நுழைவுச் சீட்டோடு ஒலிவழிகாட்டியும் சேர்த்தே தருகிறார்கள். நடிகர் ஸ்டீவ் புஷேமியின் குரல். நடுநடுவே இங்கே முன்பு வேலை பார்த்த காவலர்களும் தண்டனை அனுபவித்தவர்களும் தாங்களே பேசுகிறார்கள். ஒவ்வொரு இடத்திலும் எண்ணை அழுத்திக் கேட்டுக்கொள்ளலாம். தயாரிப்பு அருமை. குரல்களைப் பக்கத்தில் வைத்துப் பதிந்திருக்கிறார்கள், பின்னணி இசையைப் போட்டு அமுக்கவில்லை. வயதான முன்னாள் காவலர் ஒருவர் பேச்சை நிறுத்தி மூச்சு வாங்குவதைக்கூட வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். தொழில் தெரிந்தவர்கள் செய்த வேலை.

ஆனாலும் முதல் பிளாக்கில் நுழைந்ததும் ஹெட்ஃபோனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். காரணம் இருக்கிறது.

இந்தச் சிறை 1829-இல் திறந்தது. கட்டடக் கலைஞர் ஜான் ஹேவிலண்ட், நடுவில் ஒரு வட்டக் கூடம் வைத்து, அதிலிருந்து ஏழு பிளாக்குகளை ஏழு திசையில் நீட்டினார். நடுக்கூடத்தில் நின்று திரும்பினால் ஒரே காவலர் எல்லாக் காரிடாரையும் கடைசி வரை பார்த்துவிடலாம். கைதியைத் தனியாக வைத்தால், பேச ஆளே இல்லாமல் வைத்தால், அவன் தன் குற்றத்தை நினைத்து மனம் திருந்துவான் என்பது அன்றைய நம்பிக்கை. பெனிடென்ஸ் என்றால் செய்த தவறுக்கு வருந்துதல்; பெனிடென்ஷரி என்ற பெயரே அந்த நம்பிக்கையில் வந்ததுதான். செல்லை விட்டு வெளியே கூட்டிப்போனால் தலையில் முகமூடித் துணி. யாரும் யாரையும் பார்க்கக் கூடாது. அதைவிட முக்கியம், யாரும் எதையும் கேட்கக் கூடாது. அதற்காகக் காவலர்கள் ஷூவின் மேல் சாக்ஸ் மாட்டிக்கொண்டு நடந்தார்கள். சாப்பாட்டு வண்டியின் சக்கரங்களுக்குத் தோல் சுற்றினார்கள்.

இதைக் கேட்டதும் நின்றுவிட்டேன். நாங்கள் ஸ்டுடியோவில் உட்கார்ந்து சிறைக் காரிடாருக்குக் காலடிச் சத்தம் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். இங்கே காலடிச் சத்தத்தை எடுப்பதற்கென்று ஒரு நிர்வாகமே உட்கார்ந்து யோசித்திருக்கிறது. காவலர் எப்போது வருவார், வந்து கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறாரா, போய்விட்டாரா என்று உள்ளே இருப்பவனுக்குத் தெரியவே தெரியாது. எந்த 'டமார்' சத்தமும் இந்தப் பயத்தைக் கொண்டுவர முடியாது.

இன்னொன்றும் உண்டு. முதலில் கட்டிய பிளாக்குகளில் செல்லிலிருந்து காரிடாருக்குக் கதவே வைக்கவில்லை. சாப்பாடு தள்ள ஒரு சின்னத் திறப்பு மட்டும். கைதி உள்ளே போனதும் வந்ததும் பின்பக்கம் அவனுக்கென்று இருந்த தனி முற்றத்தின் வழியாக. காரிடாரில் கதவுகள் பிறகுதான் வெட்டப்பட்டன. அப்படியானால் அந்தக் காரிடார் கைதிக்கு உரியதே இல்லை, காவலருக்கு மட்டும் உரியது. தன் வாழ்நாளில் பல வருடங்களை அதற்குப் பக்கத்திலேயே கழித்தவன் அதைப் பார்க்காமலே விடுதலையாகியிருக்கலாம்.

முதல் பிளாக்கில் காரை உதிர்ந்து கிடக்கிறது. காலடியில் நறநறவென்று அரைபடுகிறது. அந்தச் சத்தம் சில அடிகளுக்கு மேல் போவதில்லை. இருபுறமும் வாய் திறந்து கிடக்கும் செல்கள் அதை வாங்கிக்கொள்கின்றன. ஏழாம் பிளாக் நேர் எதிர். இரண்டு மாடி, உயர்ந்த வளைவுக் கூரை, தேவாலயத்துக்குள் நுழைந்தது மாதிரி இருக்கும். அங்கே ஒரு தடவை கை தட்டினேன். அக்கா முறைத்தாள். தட்டல் மேலே போய், நெடுக ஓடி, தாமதமாகத் திரும்பி வந்தது. வரும்போது அதன் முனை மழுங்கியிருந்தது. தூரத்தில் பேசிக்கொண்டு போன ஒரு குடும்பத்தின் குரல் தெளிவாகக் கேட்டது, ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. யாரோ பேசுகிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்று புரியாது: மனநல மருத்துவமனைக் காட்சிக்கு இதைவிட என்ன வேண்டும்? படத்தில் வில்லிஸுக்கு எது நிஜம், எது தன் மூளைக்குள் கேட்பது என்று தெரியாமல் போகும். அந்தக் குழப்பத்துக்குக் கட்டடமே பாதி வேலையைச் செய்து வைத்திருக்கிறது.

வெளிச்சமும் அப்படித்தான். செல்லுக்குள் பக்கச் சுவரில் ஜன்னல் கிடையாது. கூரையில் ஒரு துளை, அதன் வழியே மட்டும் பகல். மேலே கடவுள் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று கைதி உணர வேண்டுமாம். காரிடாருக்கும் மேலிருந்துதான் வெளிச்சம். எனவே எதிரே வருபவரின் தலையும் தோளும் துலங்குகின்றன, கண் இருக்கும் இடம் இருட்டாகிவிடுகிறது. அத்தான் அந்தக் கடைசியிலிருந்து நடந்து வந்தபோது பக்கத்தில் வரும் வரை அவர் சிரிக்கிறாரா இல்லையா என்று தெரியவில்லை. கில்லியம் அகலக் கோண லென்ஸும் சாய்ந்த சட்டகமும் வைத்து இயல்பான இடத்தையே கோணலாக்கிவிடுபவர். இந்த நேர்க்கோட்டுக் கட்டடத்தை அந்த லென்ஸ் வளைத்தால் பார்க்கிறவனுக்குத் தலை சுற்றாமல் என்ன செய்யும்? எதிர்காலச் சிறையிலிருந்து அனுப்பப்பட்டவன் கடந்த காலத்தில் ஒரு மருத்துவமனைக்குள் இருப்பதாக நினைக்கிறான். அவனைச் சுற்றியிருக்கும் சுவர்களோ நிஜமான சிறைச் சுவர்கள்.

அந்தமான் செல்லுலார் சிறையைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு பழகியதுபோலத் தோன்றும். அங்கேயும் நடுக் கோபுரத்திலிருந்து ஏழு சிறகுகள் இருந்தன, இப்போது மிஞ்சியிருப்பவை மூன்று. ஆனால் அங்கே செல்களுக்கு முன்னால் இருப்பது ஒரு பக்கம் திறந்த கம்பி வராந்தா, காற்று வரும். இங்கே இருபக்கமும் செல்கள், மேலே கூரை, அடைத்த குழாய்.

1842-இல் ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் இங்கே வந்து பார்த்துவிட்டு, உடலை வதைப்பதைவிட இப்படி மனதைக் கெடுப்பது கொடுமை என்று கடுமையாக எழுதினார். ஆனாலும் தனிமை முறையை அதிகாரபூர்வமாகக் கைவிட்டது 1913-இல். சிறையை மூடியது 1971-இல். அப்புறம் ஆண்டுக்கணக்கில் ஆளில்லாமல் கிடந்து உள்ளே மரங்கள் முளைத்தன. இப்போதும் முழுக்கப் புதுப்பிக்காமல், விழாத அளவுக்கு மட்டும் தாங்கிப்பிடித்து வைத்திருக்கிறார்கள். சரியான முடிவு. வெள்ளையடித்து டைல்ஸ் போட்டிருந்தால் அந்த நறநற சத்தம் போயிருக்கும்.

அல் கபோன் செல் எனக்கு ஒட்டவில்லை. மேஜை, விளக்கு, ரேடியோ என்று அலங்கரித்து வைத்திருக்கிறார்கள். நாங்கள் போனபோது அங்கேதான் கூட்டம். எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டோம். அந்த நேரத்தை வெளி முற்றத்தில் நிற்கும் எஃகு வரைபடத்துக்குக் கொடுங்கள். 16 அடி உயரம். அமெரிக்காவில் சிறைப்பட்டோர் விகிதம் எப்படி ஏறியது என்பதைப் பட்டைகளாக நிறுத்தியிருக்கிறார்கள். அத்தான் நெடுநேரம் நின்றது அங்கேதான்.

போகிறவர்களுக்கு: காலையில் திறந்ததும் போய்விடுங்கள், கூட்டம் சேர்ந்துவிட்டால் அந்த அமைதி கிடைக்காது. உள்ளே சூடாக்கும் வசதி கிடையாது, குளிர்காலத்தில் வெளியே எவ்வளவு குளிரோ உள்ளேயும் அவ்வளவு, நல்ல ஜாக்கெட் வேண்டும். தரை சீராக இருக்காது, செருப்பு வேண்டாம். ஒரு பிளாக்கை முதலில் சும்மா நடங்கள், திரும்பி வரும்போது ஹெட்ஃபோனை மாட்டிக் கதையைக் கேளுங்கள். இலையுதிர் காலத்து இரவுகளில் நடக்கும் ஹாலோவீன் நிகழ்ச்சிக்குத் தனிச் சீட்டு. வேடமிட்டவர்கள் குறுக்கே பாய்ந்து அலறும் வகை அது, காரிடாரைக் கேட்க வருபவர்கள் பகலில் வருவதே நல்லது. குறும்படத் தம்பிகளே, போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். முதல் பிளாக்கில் எடுத்த பதிவை ஊருக்கு வந்து ஒரு காட்சிக்கு அடியில் போட்டுப் பார்த்தேன். ஏற்கெனவே இருந்த கதவுச் சத்தத்தையும் சொட்டும் தண்ணீரையும் இயக்குநரே எடுக்கச் சொல்லிவிட்டார்.