கடாரம் பஸ் டூர்: இடத்துக்குப் பத்துக்குப் பத்து, டூருக்கு நாலு

சின்ன வயதிலிருந்து 'கடாரம் கொண்டான்' என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவர்களுக்கு, அந்தக் கடாரம் (இன்றைய மலேசியாவின் கெடா) சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி தாண்டி ஒரு ராத்திரி பஸ்ஸில் போய்விடக்கூடிய தூரத்தில்தான் இருக்கிறது என்பதை நம்பவே கொஞ்ச நேரம் பிடிக்கும். எனக்கும் ரொம்ப நாள் ஆசை. தேக்கா பக்கம் இருக்கிற ஓர் ஏஜென்சி (பெயர் வேண்டாம்) வார இறுதிக்கு 'சோழர் கடாரம் சுற்றுலா' என்று போடுகிறது, ஒருவருக்கு 300 வெள்ளிக்குப் பக்கம், ரூமும் காலைச் சாப்பாடும் சேர்த்து. குடும்பத்தோடு போய்வந்தோம்.

பஸ் நல்ல பஸ், அதில் குறை சொல்ல மாட்டேன். சோதனைச்சாவடியில் பெரியவர்களை இறக்கி ஏற்றும்போது டிரைவரும் வழிகாட்டியும் பொறுமையாக இருந்தார்கள். சாப்பாடு சுமார்.

பிரச்சினை நேரம்தான். பேர் கடாரம், ஆனால் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு அரை நாள், ஷாப்பிங்குக்கு அரை நாள், திரும்பும் வழியில் பத்துமலை. எதற்காகக் காசு கட்டினோமோ அந்த மெர்போக் தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு முக்கால் மணி நேரம், அதுவும் உச்சி வெயிலில். நோட்டீசில் படம் போட்டிருந்த சுங்கை பத்துவுக்கு வண்டி போகவே இல்லை. கேட்டால் "டைம் இல்லண்ணே, அடுத்த தடவை பார்க்கலாம்" என்று ஒரு சிரிப்பு. சுங்கை பத்து என்பது சும்மா ஒரு ஓரத்து இடம் இல்லை. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2009லிருந்து தோண்டி, இரும்பு உருக்கிய உலைகளும், உலைக்குக் காற்று ஊதிய களிமண் குழாய்களும், படகுத்துறையும் வெளியே எடுத்த இடம். கடாரத்துக்கு எதனால் அவ்வளவு செழிப்பு என்று கேட்கிறவர்களுக்கு அங்கேதான் பாதிப் பதில் கிடக்கிறது.

இனி அருங்காட்சியகம். ஜெராய் மலை அடிவாரம், பக்கத்திலேயே ஓடை, கொஞ்சம் படி ஏறினால் புக்கிட் பத்து பகாட் கோயில். தஞ்சாவூரை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான், கோபுரம் கிடையாது, இருப்பது இடுப்பு உயரக் கல் மேடை. எங்கள் பஸ்ஸில் வந்த ஓர் அக்கா "இவ்வளவுதானா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டார். வழிகாட்டி அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டியது, மேலே இருந்ததெல்லாம் மரம் என்பதை. முன்மண்டபத்தில் தூண் நிறுத்திய கல் அடிகள் வரிசையாக இருக்கின்றன, தூணும் கூரையும் மரமாக இருந்ததால் மழையும் கரையானும் பார்த்துக்கொண்டன. விமானம், மண்டபம் என்கிற அந்த அமைப்பைத் தரையில் பார்த்ததுமே நம்மூர்க் கோயிலுக்குப் போய்ப் பழகிய காலுக்கு எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது. 1936-37ல் குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆய்வாளர் இதைத் தோண்டினார், 1959-60ல் அலஸ்டர் லாம்ப் என்ற இன்னொருவர் மறுபடி தோண்டியபோது அடியில் பதித்து வைத்த கல் பேழைகள் கிடைத்தன. வேறு இடங்களில் இருந்த சில சண்டிகளையும் (பழங்கோயில்களை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்) பெயர்த்துக் கொண்டுவந்து இந்த வளாகத்திலேயே அடுக்கியிருக்கிறார்கள்.

வழிகாட்டி சொன்னதோ, "இது ராஜேந்திர சோழன் கட்டின கோயில்". கைதட்டல் வேறு. நல்ல மனுஷன்தான், ஆனால் அப்படிச் சொல்ல அங்கே ஒரு கல்வெட்டும் இல்லை. ராஜேந்திரன் 1025ஐ ஒட்டிக் கடாரத்தின்மேல் நடத்திய படையெடுப்பு நமக்குத் தெரிவது தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இருக்கிற அவன் மெய்க்கீர்த்தியிலிருந்து, அதாவது அவன் வெற்றிகளைப் பாடும் பகுதியிலிருந்து. படையோடு வந்தவன் உட்கார்ந்து கோயில் கட்டினான் என்பதைவிட, மணியும் சீனப் பீங்கானும் கண்ணாடியும் விற்க வந்து பருவக்காற்று திரும்பும்வரை தங்கியிருந்த வணிகர்களின் கோயில் என்பதுதான் எனக்கு நம்பும்படி இருக்கிறது, உள்ளே கண்ணாடிப் பெட்டியில் இருக்கிற பானை ஓடுகளைப் பார்த்தாலே அது புரியும். இன்னொன்று, அந்தப் படையெடுப்புக்குச் சுமார் 20 வருஷம் முன்னால் கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய பௌத்த விகாரத்துக்கு ராஜேந்திரனின் அப்பா ராஜராஜனே ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்திருக்கிறார். நட்பு, வியாபாரம், அப்புறம் சண்டை. இந்தக் கதையை மைக்கில் சொல்லியிருந்தால் பஸ்ஸே தூங்காமல் கேட்டிருக்கும். அதேபோல் பினாங்கிலிருந்து செபராங் பிறை வழியாகத்தான் வண்டி போனது, 1834ல் ஜேம்ஸ் லோ என்பவர் புத்தகுப்தன் என்ற கப்பல் தலைவனின் 5ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டைக் கண்டெடுத்த பகுதி அது (கல் இப்போது கொல்கத்தாவில்). அந்த நேரத்தில் எங்களுக்குப் பழைய படம் ஓடிக்கொண்டிருந்தது.

சரி, போகலாமா? கட்டாயம் போங்கள், தள்ளிப்போடவும் வேண்டாம். 2013ல் ஒரு வீட்டுமனைக்காரர் 11ஆம் எண் சண்டியை இடித்தே விட்டார், வெளியே தெரிந்தபோது ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் இந்த டூரில் வேண்டாம். பினாங்குக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம், அங்கே கார் எடுத்துக்கொண்டு சுங்கைப் பட்டாணியில் ஒரு ராத்திரி தங்கினால், காலை வெயிலுக்கு முன் அருங்காட்சியகம், பிறகு சுங்கை பத்து என்று நிதானமாகப் பார்க்கலாம். நாலு பேர் பங்கு போட்டால் செலவும் பெரிய வித்தியாசம் வராது. நடக்கச் சிரமப்படுகிற பெரியவர்களோடு போகிறவர்களுக்கு மட்டும் பஸ்தான் வசதி, அவர்கள் பணம் கட்டும் முன்னாலேயே சுங்கை பத்து உண்டா, அருங்காட்சியகத்தில் எத்தனை மணி நேரம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மழை பெய்திருந்தால் ஓடைப் பக்கத்துப் படி வழுக்கும், செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். கொசு மருந்தும் எடுத்துக்கொள்ளுங்கள்.