மாற்றியமைத்த பழைய கிட்டார்: எந்த ஆதாரம் எவ்வளவு தாங்கும்?

பிரிட்டிஷ் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் பல வருடம் மேடையில் வாசித்த 'பிளாக்கி' ஒரே கிட்டாராகப் பிறந்ததல்ல. 1970-இல் நாஷ்வில் நகரக் கடை ஒன்றில் ஃபெண்டர் நிறுவனத்தின் பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் மின்கிட்டார்களை மொத்தமாக வாங்கினார். சக இசைக்கலைஞர்களான ஜார்ஜ் ஹாரிசனுக்கும் பீட் டவுன்ஷெண்டுக்கும் ஸ்டீவ் வின்வுட்டுக்கும் ஒவ்வொன்றைக் கொடுத்துவிட்டார். மிச்சமிருந்த மூன்றிலிருந்து நல்ல பாகங்களை எடுத்துச் சேர்த்ததுதான் பிளாக்கி. பாடி ஒன்றுடையது, நெக் இன்னொன்றுடையது. "எல்லாப் பாகமும் ஒரே வருடத்ததா?" என்று சேகரிப்பாளர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வியை வைத்தால் இது முதல் சுற்றிலேயே அடிபட்டுப் போகும். ஆனால் 2004-இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 9,59,500 டாலருக்கு விலைபோனது.

ஆக, பழைய கிட்டாரைச் சோதிக்கும்போது இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இந்த மரமும் உலோகமும் எந்த ஆலையில், எந்தக் காலத்தில் உருவானவை என்பது ஒன்று. இது இன்னாருடைய கிட்டார்தானா என்பது மற்றது. விற்பவர் பெரும்பாலும் முதல் கேள்விக்கான ஆதாரத்தைக் காட்டி இரண்டாவதற்கும் சேர்த்துக் காசு கேட்பார். எண், உள்ளே இருக்கும் தேதிகள், பெயின்ட், பழைய புகைப்படம் என்று நான்கு ஆதாரங்கள் புழக்கத்தில் உள்ளன. மாற்றங்கள் செய்யப்பட்ட கிட்டாரில் இவற்றில் எது எவ்வளவு தாங்கும் என்று பார்ப்போம். 1976-க்கு முந்தைய ஸ்ட்ராட்டை (ஸ்ட்ராட்டோகாஸ்டரின் செல்லப்பெயர்) முக்கிய உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். இன்னொரு தயாரிப்பாளரான கிப்சன் வேறுபடும் இடத்தில் அதையும் சொல்கிறேன்.

எல்லாரும் முதலில் கேட்பது சீரியல் நம்பரை. எனக்கு அதன்மீதுதான் மரியாதை குறைவு. அந்தக் கால ஸ்ட்ராட்டில் நம்பர் இருப்பது நெக்கையும் பாடியையும் இணைக்கும் பின்பக்க இரும்புத் தகட்டில். நான்கு ஸ்க்ரூக்களைக் கழற்றினால் தகடு கையோடு வந்துவிடும், வேறொன்றை மாட்டிவிடலாம். தகட்டை யாரும் மாற்றாவிட்டாலும் அது துல்லியமான தேதி தராது. கலிஃபோர்னியாவில் ஃபெண்டரின் ஃபுல்லர்டன் ஆலையில் தகடுகளை வரிசைப்படி மாட்டவில்லை, கைக்கு வந்ததை மாட்டினார்கள். எல் என்ற எழுத்தில் தொடங்கும் எண் என்றால் 1963 என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. 1962 கடைசியிலிருந்து 1965 வரை செய்த கிட்டார்களில் அந்தத் தகடுகள் இருக்கின்றன. கிப்சனின் லெஸ் பால் மாடலில் நம்பர் ஹெட்ஸ்டாக்கின் (நெக்கின் தலைப்பகுதி) பின்னாலேயே இருப்பதால் தகடு மாற்றும் தொல்லை இல்லை. ஆனால் 1950-களில் அதை மையால்தான் அச்சிட்டார்கள். முதல் இலக்கம் வருடத்தைக் குறிக்கும். யாராவது நெக்கைத் தேய்த்து மறுபடி பாலிஷ் போட்டால் நம்பர் போய்விடும். புதிதாக அச்சிடுவதும் பெரிய வித்தை இல்லை. 1960-களில் எண்ணை மரத்தில் அழுத்திப் பதித்தார்கள், சரி. அதிலும் ஒரே எண்ணை வெவ்வேறு வருடங்களில் வெவ்வேறு கிட்டார்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். திருட்டுப் போன கிட்டாரின் பழைய ரசீதோடு ஒப்பிட நம்பர் உதவும். அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

உள்ளே இருக்கும் தேதிகளுக்கு வருவோம். இது எவ்வளவோ மேல், ஆனால் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஸ்ட்ராட்டின் நெக்கைக் கழற்றினால் அடிப்பகுதியில் 1962 தொடக்கம் வரை பென்சிலில் எழுதிய தேதி இருக்கும், அதற்குப் பிறகு ரப்பர் முத்திரை. '2 நவம்பர் 63 பி' என்ற மாதிரி இருக்கும். இதைப் பார்த்து "நவம்பர் 2-ஆம் தேதி செய்த நெக்" என்று ஒருவர் சொன்னால் அவருடைய மற்ற பேச்சையும் பாதியாகக் குறைத்துக் கேளுங்கள். அந்த 2 நாள் அல்ல, ஸ்ட்ராட் மாடலுக்கான குறி. பி என்பது நட் (நெக்கின் மேல்முனையில் கம்பிகள் தங்கும் பட்டை) பக்கத்தில் நெக்கின் அகலம்.

வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் பாட்களின் முதுகிலும் ஒரு குறியீடு உண்டு. 304 என்று தொடங்கினால் ஸ்டாக்போல் நிறுவனம், 137 என்றால் சிடிஎஸ் நிறுவனம் செய்தது. அடுத்து வருடம், அப்புறம் வாரம். 304 6320 என்றால் 1963-இன் 20-ஆம் வாரம். பாட் செய்யப்பட்ட தேதி இது. கிட்டார் அதற்குப் பிறகுதான் உருவாகியிருக்க முடியும் என்பதற்கு மேல் எதையும் சொல்லாது. ஃபெண்டர் 1966 வாக்கில் பாட்களை ஏராளமாக வாங்கி வைத்துவிட்டது. அதனால் 1969 கிட்டாருக்குள் 1966 பாட் இருப்பது சகஜம். 1963 என்று விற்கப்படும் கிட்டாருக்குள் அதே பாட் இருந்தால் ஒயரிங்கில் யாரோ கைவைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் எண்களைவிட சால்டரைத்தான் (ஒயரை ஒட்டும் ஈயப்பற்று) பார்க்க வேண்டும். துணி சுற்றிய பழைய ஒயர், மங்கிப்போன சால்டர், ஒரே கையால் வைத்த பற்று என்றால் நிம்மதி. ஒரு பற்று மட்டும் பளபளவென்று இருந்தால் அங்கே ஏதோ வந்து போயிருக்கிறது. கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பையும் திருப்பிப் பாருங்கள். ஸ்ட்ராட் பிக்கப்பின் அடித்தகடு 1964 தொடக்கம் வரை கறுப்பு, பிறகு சாம்பல் நிறம்.

இங்கேதான் மாற்றியமைத்த கிட்டாரின் சிக்கல் வருகிறது. வாசிப்பவர்கள் முதலில் மாற்றுவது இந்தப் பாகங்களைத்தான். பாட் கரகரக்கும், ஸ்விட்ச் தேயும், பிக்கப் செத்துப்போகும். 1970-களில் பிரிட்ஜ் (பாடியில் கம்பிகள் ஊன்றும் இடம்) பக்கம் மரத்தைக் குடைந்து ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) வைப்பது ஒரு நோயாகவே பரவியது. தேதி போட்ட பாகங்கள் ஒவ்வொன்றாக வெளியேறிய பிறகும் போகாமல் இருப்பவை துளைகளும் வெட்டுகளும். ஸ்க்ரூவில் மாட்டியதை மாற்றலாம், குடைந்த மரத்தைத் தடயமில்லாமல் திரும்ப வைக்க முடியாது. மாற்றம் கிட்டாரின் விலையைக் குறைக்கிறது என்று எல்லாரும் புலம்புவார்கள், உண்மைதான். ஆனால் அடையாளம் காண வேண்டிய நாள் வரும்போது கைகொடுப்பது அந்த மாற்றங்கள்தான்.

பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் டேவிட் கில்மரின் கறுப்பு ஸ்ட்ராட்டைப் பாருங்கள். 1970-இல் நியூயார்க்கின் மேனீஸ் கடையில் வாங்கியது. சன்பர்ஸ்ட் (நடுவில் வெளிர், ஓரத்தில் கருமை) மேல் அடித்த கறுப்பு. நெக் பல முறை மாறியது, பிக்கப்கள் மாறின, கேபிளுக்காக எக்ஸ்எல்ஆர் வகை இணைப்புக்கு ஒரு துளை போட்டு பின்பு அதை மரத்தால் அடைத்தார்கள், கேலர் ட்ரெமலோ (கம்பிகளின் இழுவிசையை மாற்றும் கருவி) வந்து போயிற்று. எண்ணையும் தேதிகளையும் மட்டும் வைத்துப் பேசினால் இது வெறும் கலவை. ஆனால் அடைத்த துளையும் ட்ரெமலோ விட்டுப்போன வெட்டும் சேர்ந்து அமைந்த இன்னொரு பாடி உலகத்தில் இருக்க வாய்ப்பில்லை. 2019-இல் 39,75,000 டாலருக்குப் போனது.

இதற்கு நேர்மாறாக, பெயர்பெற்ற மாற்றமாக இருந்தும் எதையும் நிரூபிக்காத ஒன்று உண்டு. கிட்டார் கலைஞர் பீட்டர் கிரீனிடமிருந்து கேரி மூருக்குப் போய், இன்று மெட்டாலிகா குழுவின் கர்க் ஹாமெட்டிடம் இருக்கும் 1959 லெஸ் பாலில் நெக் பிக்கப்பின் காந்தம் திரும்பியிருக்கிறது. இரண்டு பிக்கப்பையும் சேர்த்து வாசித்தால் வரும் அந்த மூக்கடைத்த ஒலி அதனால்தான். எந்த லெஸ் பாலின் காந்தத்தையும் எவரும் திருப்பி வைத்து அதே ஒலியைக் கொண்டுவரலாம். ஒலியைக் கேட்டு "இது அதுதான்" என்பவர்களிடம் நெக்கின் உடைந்து ஒட்டிய தழும்புகளைக் காட்டச் சொல்ல வேண்டும்.

அடுத்தது பெயின்ட். காசு அதிகம் புழங்கும் இடம் இது. அசல் பெயின்ட் போய் மறுபடி அடித்திருந்தால் விலை ஏறத்தாழ பாதி என்பது வியாபாரிகளின் வாய்க்கணக்கு. தனி வண்ணம் என்றால் விலை ஏறும். அந்தக் காலத்தில் ஃபியஸ்டா ரெட், லேக் பிளாசிட் புளூ போன்ற வண்ணங்களை ஃபெண்டர் டூபான்ட்டின் கார் பெயின்ட்டில் அடித்து 5 சதவீதம் கூடுதலாக வாங்கியது. இன்று அந்த வித்தியாசம் எங்கேயோ போய்விட்டதால், சாதாரண சன்பர்ஸ்ட்டைச் சிவப்பாக்கிப் பணம் பார்க்க ஆசைப்படுபவர்களுக்குக் குறைவில்லை.

பலரும் புற ஊதா விளக்கைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பழைய நைட்ரோ லாக்கர் பூச்சு அந்த வெளிச்சத்தில் பச்சை கலந்த மஞ்சளாக மின்னும், புதிதாகத் தொட்ட இடம் இருண்டு தெரியும். உடைந்து ஒட்டிய ஹெட்ஸ்டாக்கைப் பிடிக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. ஆனால் மறுபெயின்ட்டே 50 வருடப் பழையதாக இருந்தால் விளக்கு ஏமாந்துவிடும். நான் விரும்புவது விளக்கே தேவைப்படாத ஒரு சோதனை. 1950-களிலிருந்து ஏறத்தாழ 1964 வரை ஃபெண்டர் ஆலையில் பாடியில் சின்ன ஆணிகளை அடித்து, பெயின்ட் அடிக்கும்போதும் காய வைக்கும்போதும் அவற்றின் மேல் நிறுத்தினார்கள். வேலை முடிந்தபின் ஆணியைப் பிடுங்கிவிடுவார்கள். ஆகவே அசல் பெயின்ட்டில் அந்தத் துளைக்குள் வெறும் மரம் தெரியும். உள்ளே பெயின்ட் இறங்கியிருந்தாலோ, துளையையே காணோம் என்றாலோ, யாரோ பின்னால் அடித்திருக்கிறார்கள். பாடியின் முன்பக்கத் தகடான பிக்கார்டைத் தூக்கினால் போதும்.

சிவப்புக்கு அடியில் சன்பர்ஸ்ட் தெரிந்தால் உடனே போலி என்று முடிவுகட்ட வேண்டாம். ஃபெண்டரே சில சமயம் முடிந்த சன்பர்ஸ்ட் மேல் தனி வண்ணத்தை அடித்திருக்கிறது. ஆலையில் அடித்ததாலேயே அது முதல் பெயின்ட் ஆகிவிடாது என்பதும் உண்டு. ஜார்ஜ் ஹாரிசனுக்குக் கிளாப்டன் 1968-இல் கொடுத்த சிவப்பு லெஸ் பால் 'லூசி', 1957-இல் கோல்ட்டாப்பாக, அதாவது தங்க நிற முகப்போடு வந்தது. இடையில் வைத்திருந்த கிட்டார் கலைஞர் ரிக் டெரிங்கர் அதை மிச்சிகனின் கலமசூவுக்கு, கிப்சன் ஆலைக்கே அனுப்பி நிறம் மாற்றினார். பெயின்ட்டை மட்டும் பார்த்தால் ஆலையின் கைவேலைதான்.

கடைசியாகப் புகைப்படம். "யாருடையது?" என்ற கேள்விக்கு மற்ற மூன்றாலும் நேரடியாகப் பதில் சொல்ல முடியாது, இதனால் முடியும். கனடாவின் கிட்டார் கலைஞர் ராண்டி பேக்மனின் 1957 கிரெட்ச் 6120 கிட்டார், 1976-இல் டொரொன்டோ ஹோட்டல் ஒன்றிலிருந்து திருட்டுப் போனது. 2020-இல் ரசிகர் ஒருவர் பழைய படங்களில் தெரிந்த மர ரேகையை இணையத்தில் கிடைத்த படங்களோடு ஒப்பிட்டுத் தேடி, டோக்கியோவில் ஓர் இசைக்கலைஞர் அதை வாசிப்பதைக் கண்டுபிடித்தார். 2022 ஜூலை 1 அன்று அதே வருடத்து இன்னொரு 6120-ஐ ஈடாகக் கொடுத்து பேக்மன் தன்னுடையதைத் திரும்ப வாங்கினார். அந்த ஆரஞ்சு நிறம் மரத்தை மறைக்காத மெல்லிய வண்ணம் என்பதால்தான் இது நடந்தது.

பாப் டிலன் 1965 நியூபோர்ட் விழாவில் வாசித்த ஸ்ட்ராட்டின் கதையில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. விமானத்தில் விட்டுப்போன கிட்டார் ஒரு விமானியின் குடும்பத்திடம் பல பத்தாண்டுகள் இருந்தது. 2012-இல் கிட்டார் நிபுணர் ஆண்டி பாபியுக் அதை விழாவின் வண்ணப் படங்களோடு ஒப்பிட்டு, நெக்கின் மேல் விரல் வைக்கும் ரோஸ்வுட் ஃபிங்கர்போர்டின் வெளிர் கோடுகள் பொருந்துவதைக் காட்டினார். நியூபோர்ட் கிட்டார் தன்னிடமே இருக்கிறது என்று டிலன் தரப்பு மறுத்தது. பின்பு சமரசமாகி, 2013 டிசம்பரில் 9,65,000 டாலருக்கு விற்றது. கவனிக்க வேண்டியது: ஃபிங்கர்போர்டு பொருந்தினால் நெக் உறுதியாகிறது, அவ்வளவுதான். ஸ்ட்ராட்டின் நெக் ஸ்க்ரூவில் நிற்பது. பாடிக்குத் தனியாகப் பொருத்தம் வேண்டும்.

கெட்டியான பெயின்ட்டில் ரேகை தெரியாது. ராக் கலைஞர் பீட்டர் ஃப்ராம்ப்டனின் 1954 லெஸ் பால் கஸ்டம் முழுக்கக் கறுப்பு. 1980-இல் வெனிசுவேலாவில் சரக்கு விமானம் விழுந்தபோது போய், 2011-இல் திரும்பியது. அதன் பாடி ரேகையைப் படத்தில் தேடிப் பயனில்லை. ஆனால் 1954-இல் ஹம்பக்கரே கிடையாது, அதுவோ மூன்று ஹம்பக்கர்களுக்காகக் குடையப்பட்டது. அந்த வருடத்து உடலும் பிற்காலத்து மூன்று குழிகளும் தீக்காயமும் சேர்ந்தால் தேடும் வட்டம் சட்டென்று சுருங்கிவிடும். சான்றிதழ் கடிதங்களைப் பற்றி ஒரு வரி போதும்: எழுதியவர் கிட்டாரைப் பிரித்துப் பார்த்தாரா என்று கேளுங்கள்.

வாங்குகிற நிலையில் நின்று பார்ப்போம். ஒரு சிவப்பு ஸ்ட்ராட் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தகட்டில் எல் எண், நெக்கில் 63 நவம்பர் முத்திரை, பாட் 1966, பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கருக்காகக் குடைந்த குழி, ஆணித் துளைக்குள் சிவப்பு. பிரிக்க விடாத விற்பனையாளர் என்றால் அங்கேயே கும்பிடு போட்டுவிடலாம். பிரிக்க விட்டார் என்றால் என் கணக்கு இப்படி: ஆணித் துளை இருப்பதால் பாடி 1964 வாக்கிலோ அதற்கு முன்போ செய்தது, நெக்கோடு ஒத்துப்போகிறது. ஒயரிங் பின்னால் வந்தது, சிவப்பும் பின்னால் வந்தது, தனி வண்ணத்துக்கான விலை கிடையாது. வாசிக்க நல்ல கிட்டார், அந்த விலைதான் தருவேன். "இது இன்ன கலைஞர் வைத்திருந்தது" என்று அவர் ஆரம்பித்தால் படத்தைக் கேட்பேன். படத்தில் ஹம்பக்கர் இருந்தால், ஃபிங்கர்போர்டு ரேகையையும் பிக்கார்டின் ஸ்க்ரூக்களையும் ஒவ்வொன்றாக ஒப்பிடலாம். படத்தில் ஸ்ட்ராட்டின் அசல் மூன்று சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்களும் அப்படியே இருந்தால், படம் எந்த வருடத்தது, குழி எந்த வருடத்தது என்று அவர்தான் சொல்ல வேண்டும்.