செம்பு மேல் தயால் படலம்: நாள்பட்ட பயன்பாட்டில் தெரிவது

மெருகேற்றிய செம்பைக் கறுக்காமல் வைக்க ஆக்டடெக்கேன்தயால் (ஒரு முனையில் கந்தகம் கொண்ட, 18 கார்பன் நீளச் சங்கிலி மூலக்கூறு) படலம் நம்பகமான வழி. ஆனால் கூரைக்குக் கீழே, உரசல் படாத இடத்தில் மட்டும்தான். சுமார் 2 நானோமீட்டர் தடிமனுக்கு அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

கரைசல் எளிது: ஒரு லிட்டர் தூய எத்தனாலில் 0.29 கிராம், அதாவது 1 மில்லிமோலார். கண்ணாடிப் பாத்திரத்தில் கலந்து அரை மணி நேரம் நைட்ரஜன் குமிழ விடுங்கள். கரைசல் பழசானால் தயால் மூலக்கூறுகள் கந்தக முனையில் இரண்டிரண்டாக இணைந்து டைசல்ஃபைடாக மாறிவிடும். அதன் பிறகு படலம் அடர்த்தியாகப் படியாது.

வெற்றியும் தோல்வியும் தீர்மானமாவது அதற்கு முந்தைய கட்டத்தில்தான். எண்ணெய்ப் பிசுக்கை அசிட்டோனால் எடுத்தபின், செம்பை 35 டிகிரி செல்சியஸ் சூட்டில் நீரற்ற அசிட்டிக் அமிலத்தில் சில நிமிடம் முக்கினால் ஆக்சைடு கரையும், உலோகம் அரிபடாது. எடுத்ததும் தண்ணீரில் அலசும் பழக்கம்தான் பெரிய கேடு; அலசிய கணமே ஆக்சைடு திரும்ப முளைக்கத் தொடங்கும். நைட்ரஜன் ஊதி உலர்த்தி நேரே கரைசலுக்குள் இறக்குங்கள். ஒரு மணி நேரம் போதும். ஆக்சைடு மிச்சமிருக்கும் செம்பை இரவு முழுக்க ஊறவிட்டால் செம்புத் தயோலேட் (செம்பும் தயாலும் சேர்ந்த சேர்மம்) அடுக்கடுக்காகப் படிந்து வெளிறிய பூச்சு தெரியும். கடைசியில் எத்தனாலில் நன்றாக அலசவும்.

சோதிக்க ஒரு சொட்டு நீர் போதும். படலம் சரியாக அமைந்திருந்தால் துளி சுமார் 110 டிகிரி கோணத்தில் திரண்டு நிற்கும். 90-க்குக் கீழே இறங்கினால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். பழுப்பு முதலில் தலைகாட்டுவது இடுக்கி பிடித்த ஓரத்திலும் கீறல்களிலும்தான்.

சங்கிலி நீளமானால் காப்பு கூடும் என்பதை வேதியியலாளர்கள் லைபினிஸும் வைட்சைட்ஸும் 1992-லேயே செம்பில் காட்டினார்கள். ஆகவே 8 கார்பன் தயாலை வாங்கி மிச்சம் பிடிப்பதில் பயனில்லை. எவ்வளவு நீளமானாலும் காற்றும் வெளிச்சமும் பட்டால் படலத்தின் தயோலேட் மெல்ல ஆக்சிஜன் ஏறி சல்ஃபோனேட்டாகும். அது அலசினாலே போய்விடும். 100 டிகிரியைத் தாண்டும் சூட்டையும் படலம் நெடுநேரம் தாங்காது. ஈயப் பற்று வைக்கும்போது இதுவே வசதி, தனியாகச் சுரண்ட வேண்டியதில்லை.

வெள்ளிக்கும் இதே தயால் பொருந்தும். அலுமினியத்துக்கு இது ஒட்டாது; அங்கே ஆக்டடெக்கைல்ஃபாஸ்போனிக் அமிலம்தான், அதைப் பூசியபின் சூடேற்றுவதும் உண்டு.

படலம் தேய்ந்த செம்பை மறுபடி கரைசலில் முக்குவது வீண். கறுத்த பகுதியின் மேல் எதுவும் ஒழுங்காகப் படியாது. அசிட்டிக் அமிலத்திலிருந்தே தொடங்க வேண்டும்.