கோடு வராவிட்டால்தான் புகையிலை: வீட்டில் பார்க்கும் கோட்டினின் கேசட்

கர்ப்பம் பார்க்கும் கார்டுக்குப் பழகிய கண்ணுக்கு சிறுநீரில் புகையிலைத் தடயம் பார்க்கும் இந்தக் கேசட் (சிறு பிளாஸ்டிக் சோதனை அட்டை) தலைகீழாகத் தெரியும். அங்கே இரண்டு கோடு வந்தால் 'ஆம்'. இங்கே இரண்டு கோடு வந்தால் 'இல்லை'. 'சி' எழுத்துக்கு நேரே மட்டும் கோடு வந்து, 'டி' பக்கம் வெறுமையாக இருந்தால்தான் சிறுநீரில் புகையிலையின் தடயம் இருக்கிறது என்று பொருள். வாங்குகிறவர்களில் பலர் தவறிப்போகும் இடம் இதுதான். அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

ஆன்லைனிலும் சில மெடிக்கல் ஷாப்புகளிலும் பல பெயர்களில் கிடைக்கும் இந்தக் கேசட்டுகள் பெரும்பாலும் ஒரே வகைதான். சிறுநீரில் கோட்டினின் (நிக்கோட்டினிலிருந்து உடலில் உருவாகும் பொருள்) மில்லிலிட்டருக்கு 200 நானோகிராம் என்ற அளவைத் தாண்டினால் பாசிட்டிவ் காட்டும். அட்டைப்பெட்டியில் முதலில் பார்க்க வேண்டியது பிராண்டை அல்ல, அந்த எண்ணை. எண்ணே அச்சிடாத பெட்டியை வாங்காதீர்கள்.

இது நிக்கோட்டினை அளப்பதில்லை. நிக்கோட்டின் ரத்தத்தில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே போகும். இரவு கடைசியாகப் பிடித்த சிகரெட்டின் நிக்கோட்டின் மறுநாள் மதியத்துக்குள் ஏறக்குறைய தீர்ந்துவிடும். ஆனால் கல்லீரலில் இருக்கும் சிஒய்பி2ஏ6 என்ற நொதி, உள்ளே போன நிக்கோட்டினில் 70 முதல் 80 சதவீதத்தைக் கோட்டினினாக மாற்றிவிடுகிறது. கோட்டினின் பாதியாவதற்குச் சுமார் 16 மணி நேரம் ஆகும். நின்று நிதானமாகக் கரையும் பொருள் என்பதால்தான் சோதனை அதைத் தேடுகிறது.

இதை வைத்து வீட்டிலேயே கணக்குப் போடலாம். தினமும் புகைப்பவரின் சிறுநீரில் 2,400 நானோகிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நிறுத்திய 16 மணி நேரத்தில் 1,200. 32 மணியில் 600. 48 மணியில் 300. 64 மணியில் 150. அதாவது மூன்றாம் நாளுக்குள் 200-க்குக் கீழே வந்துவிடும். நாளுக்கு ஒரு பாக்கெட்டைத் தாண்டுகிறவருக்கு 5,000 இருந்தால் 80 மணி நேரம் ஆகும். கேசட்டில் கோட்டினினைப் பிடிக்க வைத்திருக்கும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) கோட்டினினோடு நில்லாமல், அதிலிருந்து பிறக்கும் ஹைட்ராக்சி கோட்டினினையும் ஓரளவு பிடிக்கும் என்பதால் நடைமுறையில் இன்னும் கொஞ்சம் நீளும். 3 முதல் 4 நாள் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக இருக்கும். நொதி மெதுவாக வேலை செய்யும் உடல்வாகு உள்ளவருக்கு ஒரு வாரம்கூட ஆகலாம். கர்ப்பிணிகளுக்கு நேர்மாறு: 9 மணி நேரத்திலேயே பாதியாகிவிடுகிறது.

எலுமிச்சைச் சாறு, இளநீர், 'டீடாக்ஸ்' பொடி என்று விற்பதெல்லாம் இந்தக் கணக்கை மாற்றாது. கோட்டினினைச் சிதைப்பது கல்லீரல். சிறுநீரின் புளிப்பு கூடினால் நிக்கோட்டின் வெளியேறுவது வேகமாகும். கோட்டினின் அதற்குப் பெரிதாக அசைவதில்லை. தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்தால் சிறுநீர் நீர்த்துப்போகும், அவ்வளவுதான். லேபில், சிறுநீரில் இயல்பாகவே இருக்கும் கழிவான கிரியாட்டினினையும் சேர்த்துப் பார்த்து, டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் நீர்த்த மாதிரி என்று ஒதுக்கிவிடுவார்கள்.

இனி செய்முறை. காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர் சிறந்தது. சுத்தமான, சோப்பு வாடை இல்லாத கப்பில் பிடியுங்கள். கலங்கலாக இருந்தால் சற்று நேரம் அசையாமல் வைத்து, மேலே தெளிந்ததை எடுங்கள். கேசட்டின் உறையைக் கடைசியில்தான் கிழிக்க வேண்டும். கிழித்த ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். சமதளத்தில் வைத்து, கூடவே வரும் டிராப்பரை நேராக நிமிர்த்திப் பிடித்து 3 முழுச் சொட்டு விடுங்கள். காற்றுக்குமிழியோடு விழுந்தது சொட்டுக் கணக்கில் சேராது. இளஞ்சிவப்பு நீர் கேசட்டின் ஜன்னலில் மெல்ல ஏறிப்போவது கண்ணுக்குத் தெரியும். 5-ஆவது நிமிடம் பாருங்கள். 10 நிமிடத்துக்கு மேல் பார்ப்பது எதுவும் செல்லாது, ஏனென்றால் பட்டை காயும்போது இல்லாத கோடு இருப்பதுபோல் தோன்றும். கேசட் இல்லாமல் வெறும் ஸ்ட்ரிப் என்றால், அம்புக்குறிக்குக் கீழே குறித்திருக்கும் கோடுவரை மட்டும் 10 முதல் 15 விநாடி முக்க வேண்டும்.

'டி' கோடு மங்கலாக, உற்றுப் பார்த்தால்தான் தெரிகிற மாதிரி வந்தால்? அதுவும் கோடுதான், நெகட்டிவ்தான். காரணம் எளிது. 'டி' இடத்தில் கோட்டினினை ஏற்கெனவே ஒட்டவைத்திருக்கிறார்கள். நிறமேற்றிய எதிர்ப்பொருள் அங்கே போய் உட்கார்ந்தால் கோடு தெரியும். சிறுநீரிலேயே கோட்டினின் நிறைய இருந்தால் வழியிலேயே அதன் இடம் நிறைந்துவிடும். 'டி'-யில் உட்கார முடியாது. மங்கலான கோடு என்றால் கொஞ்சம் இருக்கலாம், ஆனால் 200-ஐத் தொடவில்லை. 'சி' கோடே வராவிட்டால் அந்தக் கேசட் வீண். பெரும்பாலும் சொட்டு குறைந்திருக்கும், இல்லையென்றால் ஈரம் ஏறியிருக்கும். இன்னொன்றை எடுங்கள்.

ஈரமும் சூடும்தான் இந்தக் கேசட்டின் எதிரிகள். பெட்டியில் 2 முதல் 30 டிகிரி என்று போட்டிருப்பார்கள். நம்மூர் மே மாதத்தில் மூடிய அறையே அதைத் தாண்டும். பைக் பெட்டியிலோ சமையலறைப் பரணிலோ வைக்காதீர்கள். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்கலாம், ஃப்ரீஸரில் கூடாது. எடுத்ததும் அறைச் சூட்டுக்கு வந்த பிறகே உறையைக் கிழிக்க வேண்டும்.

சிகரெட், பீடி மட்டுமல்ல, ஹான்ஸ், மூக்குப்பொடி, வெற்றிலையோடு போடும் புகையிலை, வேப் எல்லாவற்றையும் இது பிடிக்கும். எதிலிருந்து வந்தது என்று மட்டும் சொல்லாது. இதில் ஒரு வேதனை இருக்கிறது. சிகரெட்டை விட்டுவிட்டு நிக்கோட்டின் சூயிங்கமோ பேட்ச்சோ போடுகிறவருக்கும் 'டி' கோடு வராது. அதைக் காட்டி "நீ இன்னும் பிடிக்கிறாய்" என்று யாரும் அவரைக் குற்றம் சொல்லக் கூடாது. அவருக்கு ஏற்றது மூச்சில் கார்பன் மோனாக்சைடு அளக்கும் கருவி. அந்த வாயு 4 முதல் 5 மணி நேரத்தில் பாதியாவதால் கடைசி ஒரு நாளைத்தான் காட்டும். ஆனால் புகைத்ததை மட்டுமே காட்டும். ஹான்ஸ் அதில் சிக்காது. புகையிலையில் இருந்து சூயிங்கத்தில் இல்லாத அனபாசின் என்ற பொருளை லேபில் பார்க்கச் சொன்னாலும் புகையிலையையும் சூயிங்கத்தையும் பிரித்துவிடலாம்.

கத்திரிக்காயில் நிக்கோட்டின் உண்டே என்று கேட்பவர்களுக்கு: உண்டு, கிராமுக்கு 100 நானோகிராம் அளவில். கால் கிலோ சாப்பிட்டாலும் 25 மைக்ரோகிராம்தான். ஒரு சிகரெட்டிலிருந்து உடம்பில் ஏறுவது சுமார் 1,000 மைக்ரோகிராம். பக்கத்தில் இருப்பவர் விடும் புகையும் சாதாரணமாக 200-ஐ எட்டாது.

குறை இதன் மறுபக்கத்தில்தான். வாரக்கடைசியில் மட்டும் ஒன்றிரண்டு பிடிப்பவர் திங்கட்கிழமை மாலையே நெகட்டிவ் காட்டிவிடுவார். அறுவைச் சிகிச்சைக்கு முன் சில வாரம் புகையிலை கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தால், அதற்கு இந்தக் கேசட் சாட்சியாகாது. ரத்தத்தில் லேப் 3 அல்லது 10 நானோகிராம்வரை இறங்கிப் பார்க்கும். முடியில் மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கணக்கில் சில மாதக் கதை பதிந்திருக்கும்.

டேர்ம் இன்சூரன்ஸ் மெடிக்கலுக்கு முன்னால் இதைப் பார்த்து நிம்மதி அடைகிறவர்களைத் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள். விண்ணப்பத்தில் பொதுவாகக் கேட்பது கடந்த 12 மாதத்தை, கடந்த மூன்று நாளை அல்ல. காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவுப்படி, தவறான தகவல் தந்ததாக 3 ஆண்டுக்குள் பாலிசியைக் கேள்விக்குள்ளாக்கலாம். நெகட்டிவ் கேசட் அங்கே குடும்பத்தைக் காப்பாற்றாது. பிரீமியம் கூடினாலும் உள்ளதை எழுதுங்கள்.

உண்மையில் இது பயன்படுவது, விடுகிறவருக்கு. அவருக்கு ஒன்று வாங்கிப் பயனில்லை, நான்கு வாங்க வேண்டும்: நிறுத்திய அன்று ஒன்று, 4-ஆம் நாள், 8-ஆம் நாள், ஒரு மாதம் கழித்து ஒன்று. படிப்படியாக இறங்குவதைப் பார்க்க ஆசைப்பட்டால் நிக்அலர்ட் மாதிரி 0 முதல் 6 வரை எண் காட்டும் ஸ்ட்ரிப் நல்லது. அதில் 3 என்றால் 100 முதல் 200 நானோகிராம். 4-ஆம் நாள் கோடு இன்னும் வரவில்லையென்றால் பதறாமல் மூன்று நாள் கழித்துப் பாருங்கள். நடுவில் கை தடுமாறினால் தேசிய புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356, கட்டணமில்லை.