பூந்திக்கொட்டைத் தண்ணீருக்குத் தாங்குமா இந்த நெயில் பாலிஷ்?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் வீட்டு மாடிதான் பட்டறை. வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் கொலுசு பற்றவைப்பார்கள். மெருகு போடுவது என் வேலை. ராத்திரி ஊறவைத்த பூந்திக்கொட்டையைக் கசக்கி, அந்த நுரைத் தண்ணீரில் கொலுசை நனைத்து, பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். தினமும் நான்கு மணி நேரமாவது கை ஈரத்தில் கிடக்கும். பதிமூன்று வருடமாக இப்படித்தான். நகமெல்லாம் வெங்காயத் தோல் மாதிரி ஏடு ஏடாக உரிந்துவிட்டது. தை மாதம் அண்ணன் மகள் கல்யாணத்தில் தாம்பூலத் தட்டை நீட்டும்போது விரலை மடக்கிக்கொண்டே நின்றேன். அன்றைக்கே இதற்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் வழக்கமாக வளையல் வாங்கும் கடையில் வேலை செய்கிற பெண் சொன்னாள்: “அக்கா, புதுசா ஒரு கம்பெனி வந்திருக்குங்க. பாலிஷ் மட்டும் இல்ல, நகம் உரியறதுக்கும் தனியா வெச்சிருக்காங்க.” பாலிஷ் 250 ரூபாய், பாலிஷுக்கு அடியில் போடும் பேஸ் கோட் 300, நகம் கெட்டிப்பட ஒரு பூச்சு 380, நகக்கண்ணில் தடவும் எண்ணெய் 220. மொத்தம் 1,150 ரூபாய். எனக்கு அது சின்னத் தொகை இல்லை. அதனால் பத்து வாரம் விடாமல் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். கம்பெனிப் பெயரைப் போடவில்லை. நான்கில் ஒன்றைக் குறை சொல்லப் போகிறேன், என் ஒருத்தி கையில் நடந்ததை வைத்து யாருக்கும் கெட்ட பெயர் வாங்கித் தர மனம் வரவில்லை.

முதலில் பாலிஷ். காய்ந்த மிளகாயின் சிவப்பு, மாநிறக் கைக்கு எடுப்பாக இருக்கிறது. பிரஷ் அகலமானது, கட்டை விரல் நகத்தை மூன்றே இழுப்பில் மூடிவிடுகிறது. பெட்டியில் பெரிதாக ‘10-ஃப்ரீ’ என்று போட்டிருக்கிறார்கள். டொலுயீன், ஃபார்மால்டிஹைடு, டைபியூட்டைல் தாலேட் ஆகிய மூன்று ரசாயனமும் இல்லாததைத்தான் முதலில் ‘3-ஃப்ரீ’ என்றார்கள். அப்புறம் ஒவ்வொரு கம்பெனியும் தன் கணக்குக்கு 5, 7, 10 என்று ஏற்றிக்கொண்டே போனது. இந்த எண்ணுக்கு எல்லோருக்கும் பொதுவான வரையறை கிடையாது. ஆகவே எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள், பின்பக்கம் இருக்கும் பொருள் பட்டியலைப் படியுங்கள். இதில் அந்த மூன்றும் இல்லை. வாசனையும் மூக்கை அடைக்கவில்லை.

தாங்குகிறதா என்பதுதான் எனக்கு முக்கியம். இடது கையில் இதையும், வலது கையில் வீட்டில் கிடந்த பழைய பாலிஷையும் போட்டு வேலைக்கு உட்கார்ந்தேன். பழையது இரண்டாம் நாளே நுனியில் பெயர்ந்தது. புதியது ஆறு நாள் நின்றது. ஆனால் பிரஷ் பிடிப்பது வலது கை, அடி அதற்குத்தான் அதிகம், ஒப்பிட்டது நியாயமில்லை என்று பட்டது. அடுத்த வாரம் கையை மாற்றிப் போட்டேன். வலது கையில் புதியது நான்கு நாள் நின்றது, ஐந்தாம் நாள் ஆள்காட்டி விரலில் மட்டும் பெயர்ந்தது. நாள் முழுக்கத் தேய்க்கிற கைக்கு நான்கு நாள் என்பது பெரிய விஷயம். நகத்தின் நுனி விளிம்பிலும் ஒரு இழுப்பு இழுத்து மூடிவிட்டால் இன்னும் ஒரு நாள் சேர்த்து நிற்கிறது.

போடும் விதத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பாலிஷ் காய்வது அதிலிருக்கும் கரைப்பான் ஆவியாகிப் போவதால். தடிமனாக ஒரே பூச்சாகப் போட்டால் மேலே ஏடு கட்டிக்கொண்டு உள்ளே ஈரம் நிற்கும். சேலத்துச் சித்திரை வெயிலில் மதியம் போட்டபோது மேல் ஏடு உடனே இறுகி, அடியில் குமிழி குமிழியாக வந்துவிட்டது. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல், மெல்லிய இரண்டு பூச்சாகப் போட்டால் சுத்தமாக வருகிறது. பட்டறை வீட்டுப் பெண்களுக்கு இன்னொன்று. நெயில் பாலிஷும் ரிமூவரும் சட்டென்று தீப்பிடிக்கும் சாமான்கள். பற்றவைக்கும் டார்ச் எரியும் அறையில் பாட்டிலைத் திறக்கவே திறக்காதீர்கள். நான் இரண்டையும் கீழ்வீட்டு அலமாரியில்தான் வைத்திருக்கிறேன்.

பேஸ் கோட்டை நிறம் ஒட்டுவதற்குப் போடுவது என்று நினைத்திருந்தேன். எனக்கு அது வேறு விதத்தில் உதவியது. ரப்பர் கையுறை போட்டால் கொலுசுக் கண்ணி விரலுக்குத் தட்டுப்படாது, எங்கே அழுக்கு நிற்கிறது என்று தெரியாது, அதனால் வெறுங்கையில்தான் வேலை. நகம் தண்ணீரை இழுத்து ஊதும், காயும்போது சுருங்கும். தினமும் இப்படி நடந்துதான் அதன் ஏடுகள் பிரிகின்றன. பேஸ் கோட்டும் அதற்கு மேல் பாலிஷும் இருந்தால் தண்ணீர் அவ்வளவு சுலபமாக உள்ளே போவதில்லை. மேலே நிறம் வேண்டாதவர்கள் பேஸ் கோட்டை மட்டும் போட்டுக்கொண்டு வேலைக்கு உட்காரலாம். அடர்ந்த சிவப்பு நகத்தில் மஞ்சள் கறை விடும், அதையும் இது தடுத்தது.

இனி குறை. நகம் கெட்டிப்பட என்று கொடுத்த பூச்சு. முன்பக்கம் ‘கால்சியம்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. நகத்தின் உறுதி கால்சியத்தால் வருவதில்லை, அது கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது, கால்சியம் அதில் மிகக் கொஞ்சம்தான். பாலிஷ் பெட்டியில் இருந்த ‘10-ஃப்ரீ’ இந்தப் பெட்டியில் இல்லை என்பதை மூன்றாவது வாரம்தான் கவனித்தேன். பின்பக்கம் பொடி எழுத்தில் ஃபார்மால்டிஹைடு இருந்தது. அது புரத இழைகளை ஒன்றோடொன்று இறுக்கிக் கட்டும். முதல் இரண்டு வாரம் நகம் கல் மாதிரி நின்றது, எனக்கு அவ்வளவு சந்தோஷம். அப்புறம் வளைய வேண்டிய இடத்தில் நகம் வளையவில்லை. கொக்கியில் மாட்டிய நடுவிரல் நகம் குறுக்கே பாதியில் ஒடிந்தது. நகக்கண்ணில் எரிச்சலும் வந்தது. அன்றோடு நிறுத்திவிட்டேன். 380 ரூபாய் போனது போனதுதான். நீங்கள் இதை வாங்க வேண்டாம்.

எண்ணெய்தான் எனக்கு மிகவும் பிடித்தது. வேலை முடிந்ததும் ஒரு தடவை, படுக்கும்போது ஒரு தடவை நகக்கண்ணைச் சுற்றித் தடவுவேன். மாமியார் பார்த்துவிட்டு, “ஏன் கண்ணு, தேங்காய் எண்ணெய் வெச்சா ஆகாதா?” என்று கேட்டார். சரியான கேள்வி. இரண்டு வாரம் ஒரு கைக்கு இதையும் மறு கைக்குத் தேங்காய் எண்ணெயையும் வைத்தேன். நகத்தில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் இந்த பாட்டிலில் பிரஷ் இருக்கிறது, உள்ளங்கையில் வழியாமல் வேண்டிய இடத்தில் மட்டும் படுகிறது. பணம் இடிக்கிறது என்றால் தயங்காமல் தேங்காய் எண்ணெயே வையுங்கள்.

நகக்கண் வெட்ட ஒரு சின்னக் கத்தரியை இலவசமாகக் கொடுத்தார்கள். அதை நான் தொடவில்லை. இரண்டு வருடம் முன்பு ஒரு பார்லரில் நகக்கண்ணை வெட்டிவிட்டு, நகச்சுற்று வந்து, விரலில் எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு நான்கு ராத்திரி தூங்காமல் கிடந்திருக்கிறேன். அந்தத் தோல் நகத்துக்குக் கதவு மாதிரி. அதை வெட்டக் கூடாது. ரிமூவரையும் வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் தொடுவதில்லை. அசிட்டோன் நகத்தை வறட்டிவிடும்.

உரிந்த நகத்தை எந்தப் பூச்சும் மறுபடி ஒட்டவைக்காது. வெளியே வந்த நகம் உயிரில்லாதது. அடியிலிருந்து புதிது வளர்ந்து வர வேண்டும். மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும், கை நகம் முழுதாக மாற ஆறு மாதம் ஆகும். என் மோதிர விரல் நகத்தில் ஒரு குறுக்குப் பள்ளம் இருந்தது. பத்து வாரத்தில் அது நுனிப் பக்கம் நகர்ந்துவிட்டது. அதற்குக் கீழே வந்திருக்கும் நகத்தில் ஏடு பிரியவில்லை. தினமும் காலையில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன்.

பாலிஷ் இன்னும் பாதி பாட்டில் இருக்கிறது. பேஸ் கோட் தீரப்போகிறது. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு முன்னால் கடைக்குப் போய் பேஸ் கோட் இரண்டு வாங்க வேண்டும். ஒன்று எனக்கு, ஒன்று பனங்காட்டில் இதே மெருகு வேலை பார்க்கும் நாத்தனாருக்கு.